பாளையங்கோட்டை வெயிலில் சுருட்டுப் பெட்டி: ஈரம் ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது

குறுக்குத்துறை:

அண்ணாச்சிகளுக்கு வணக்கம். சுருட்டு விஷயத்தில் நான் புதுசு. மாதத்துக்கு ரெண்டு, மிஞ்சினால் மூன்று பிடிப்பேன், அதனால் இருப்பதைக் கெடாமல் வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது. பொங்கலுக்கு துபாயிலிருந்து வந்த சித்தப்பா 25 சுருட்டு உள்ள ஒரு பெட்டியும் (வரி கட்டாமல் அவ்வளவுதான் கொண்டுவரலாமாம்) ஒரு மர ஹியூமிடாரும் (சுருட்டு காயாமல் ஈரத்தோடு வைக்கிற பெட்டி) கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி மூடி, முன்பக்கம் வட்டமாக ஈரம் காட்டுகிற ஒரு முள் மீட்டர், மூடிக்கு அடியில் பஞ்சு வைத்த கறுப்பு டப்பா. பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருக்கிறது.

மாசி முழுக்க மீட்டர் முள் 60-ஐத் தாண்டவில்லை. சரி, ஈரம் போதவில்லை என்று பஞ்சில் குழாய்த் தண்ணீரை நன்றாக ஊற்றினேன், தாமிரபரணித் தண்ணீர்தானே, அதில் என்ன கெடுதல் என்று. மூன்றாம் நாள் 80. பயந்துபோய் மூடியைத் திறந்து ஃபேனுக்குக் கீழே வைத்தேன், 55-க்கு இறங்கிவிட்டது. மறுபடி தண்ணீர். இப்படியே பங்குனி போனது. சித்திரையில் பார்த்தால் ரெண்டு சுருட்டில் மேலிலை நீளவாக்கில் வெடித்திருக்கிறது, ஒன்றில் லேசாகப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, நேற்று இன்னொன்றை எடுத்தால் குண்டூசியால் குத்தியது மாதிரி ஒரு ஓட்டை, தட்டினால் பழுப்பாகத் தூள் கொட்டுகிறது.

வீடு பாளையங்கோட்டையில், மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை. மதியம் உள்ளே 34, 35 டிகிரி இருக்கும், ராத்திரி ஏசி போடுவோம். இணையத்தில் எல்லாரும் 70 சதவீத ஈரம், 21 டிகிரி என்கிறார்கள், அந்த 21 டிகிரிக்கு நான் கொடைக்கானலுக்குத்தான் குடிபோக வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா? இதில் அஞ்சு பிடித்தாகிவிட்டது, மிச்சம் இருபது.

சாரல்:

முதலில் அந்த ஓட்டை விழுந்த சுருட்டைத் தூக்கி வெளியே போடுங்கள், இந்தப் பதிலை அப்புறம் படிக்கலாம்.

போட்டாச்சா? அது புகையிலை வண்டு. நம் வீட்டு மல்லி, மஞ்சள், வற்றல் டப்பாவில் செம்பழுப்பாக ரெண்டு மூன்று மில்லிமீட்டரில் ஒன்று ஊருமே, அதேதான், லாசியோடெர்மா செரிகார்னே என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அது உங்கள் வீட்டில் வந்து ஏறியிருக்க வேண்டும் என்றில்லை, முட்டை பெரும்பாலும் இலையோடே வந்திருக்கும். 21, 22 டிகிரியில் அது பேசாமல் கிடக்கும். 25-ஐத் தாண்டிப் போகப் போக பொரித்து, புழு உள்ளே குடைந்துகொண்டே போய், வண்டாக வெளியே வரும்போது நீங்கள் பார்த்த ஓட்டை விழும். உங்கள் அறை இருக்கிற சூட்டுக்கு அடுத்த தலைமுறை வர ஒன்றரை மாதம் போதும்.

மிச்சத்தை ஜிப் லாக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்துவிட்டு, ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம் ஃப்ரீசரில். மூன்று நாள் போதும் என்று எழுதியிருப்பார்கள். அது மைனஸ் 18 நிலையாக நிற்கிற ஃப்ரீசருக்கு. நம் வீட்டில் பிள்ளைகள் ஐஸுக்காகப் பத்து தடவை கதவைத் திறக்கும், கரண்ட் வேறு போகும், அதனால் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு. அப்புறம் வெளியே வைத்து கவர் முழுசாகச் சூடு திரும்புகிற வரைக்கும் பிரிக்கவே கூடாது. ஆவலில் பிரித்தால் குளிர்ந்த சுருட்டின் மேல் வெளிக்காற்றின் ஈரம் முத்து முத்தாக வேர்த்து, மேலிலை நனைந்து வெடிக்கும். நான் பிரித்தேன், நாலு போச்சு.

ஃப்ரிட்ஜ் வண்டைக் கொல்லத்தான், குடிவைக்க அல்ல. இந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சுருட்டு ஒரு மாதத்தில் விறகாகிவிடும். போதாததுக்கு மீன்குழம்பு வாசம்.

பூத்திருக்கிறது என்றீர்களே, அதைப் 'பக்குவத்தின் பூ' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பச்சையும் நீலமும் கலந்து பஞ்சு மாதிரி எழும்பி நின்றால் அது பூஞ்சணம், வேறு பேச்சே இல்லை. மேலிலையில் மட்டும் என்றால் காய்ந்த துணியால் துடைத்துத் தனியாக வையுங்கள். பற்றவைக்கிற முனையில், வெட்டுவாயில் ஏறியிருந்தால் குப்பைதான்.

உப்பளம்:

சாரல் அண்ணாச்சி வண்டைப் பார்த்துக்கொண்டார், நான் மீட்டருக்கு வருகிறேன். அந்த வட்ட முள் மீட்டரை எப்போதாவது சோதித்தீர்களா? அழகுக்கு ஒட்டி அனுப்புகிற சாமான் அது. அது காட்டுகிற எண்ணை நம்பித் தண்ணீர் ஊற்றுவது, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து பஸ்ஸுக்குக் கிளம்புவது மாதிரி.

பெப்சி மூடி மாதிரி ஒரு சின்ன மூடி எடுத்து நிறைய உப்பு போடுங்கள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஆற்று மணல் நனைந்த பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்துவிடக் கூடாது, உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மீட்டரைப் பெட்டியிலிருந்து கழற்றி (சும்மா அழுத்தித்தான் வைத்திருப்பார்கள், இழுத்தால் வரும்) ரெண்டையும் ஒரு ஜிப் கவரில் வைத்து மூடி, ஒரு நாள் ஆடாமல் அசையாமல் விட்டுவிடுங்கள். நனைந்த உப்புக்கு மேலே அடைபட்ட காற்றில் ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும், நம் ஊர்ச் சூட்டிலும் அநேகமாக மாறாது. மீட்டர் வேறு எதைக் காட்டினாலும் தப்பு மீட்டரில்தான்.

ஒரு விஷயம், நான் தூத்துக்குடிக்காரனாக இருந்தும் சொல்கிறேன், இதுக்குக் கல்லுப்பு வேண்டாம், கடையில் விற்கிற பொடி உப்பு போடுங்கள். கல்லுப்பில் மெக்னீசியம் உப்பும் கொஞ்சம் கலந்திருக்கும், அது காற்றிலிருந்து ஈரத்தை வெறியாக இழுக்கும். ஐப்பசி மழையில் அடுக்களை உப்புச்சாடி கசிந்து தண்ணீராக நிற்பது அதனால்தான். அது சேர்ந்தால் 75 வராது, கீழே இறங்கிவிடும்.

அப்புறம் குழாய்த் தண்ணீர். தாமிரபரணி குடிக்க நன்றாகத்தான் இருக்கும், பஞ்சுக்கு அல்ல. அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பெல்லாம் பஞ்சில் படிந்து அடைக்கும், பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், படித்துப் பார்த்து எடுங்கள்!

குறுக்குத்துறை:

ஏசி குழாயில் ஒரு வாளி சொட்டுகிறதே, அதுவும் டிஸ்டில்ட் மாதிரிதானே, அதை ஊற்றலாமா?

உப்பளம்:

வேண்டாம். உள்ளே கம்பிச் சட்டத்தில் ஒரு வருஷத் தூசியும் பூஞ்சணமும் கிடக்கும், அதைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. ஆனால் நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அறைக் காற்றில் இருந்த ஈரம்தான் குளிர்ந்து சொட்டுகிறது. உங்கள் பெட்டி மூடி சரியாக உட்காராவிட்டால் அந்த வாளியில் உங்கள் சுருட்டின் பங்கும் இருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டை மூடிக்கு இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும். பிடிப்பே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே ஒழுகுகிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச்சைப் போட்டு மூடினாலும் தெரியும். கண்ணாடி மூடிகளில் கண்ணாடி ஓரத்திலேயே இடைவெளி இருக்கும்.

முக்கூடல்:

நான் சுருட்டு பிடிப்பதில்லை, பீடியும் இல்லை. ஆனால் பீடிப் பணத்தில் வளர்ந்தவன், அதனால் உள்ளே வந்தேன்.

எங்கள் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றினாள். கம்பெனியிலிருந்து வருகிற இலை காய்ந்த சருகு, அப்படியே மடக்கினால் ஒடியும். ராத்திரியே தண்ணீரில் முக்கி உதறி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவாள். காலையில் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டும்போது இலை தோல் மாதிரி வளையும். புகையிலைத் தூளோ காய்ந்திருக்க வேண்டும். சுளகில் தூளைப் பக்கத்திலேயே வைத்திருந்தாலும் ஈரக்கை அதில் பட விடமாட்டாள். சுற்றி முடித்த பிறகு பீடிக் கட்டுகளைக் காயவைத்துவிடுவார்கள், அதோடு ஈரத்தின் வேலை முடிந்தது. சுருட்டில் கதை வேறு, அங்கே ஈரம் கடைசி வரைக்கும் உள்ளேயே இருக்க வேண்டும், உள்ளிலைக்கும் மேலிலைக்கும் ஒரே அளவாக.

உங்களுக்கு வெடித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். 80-க்கு ஏற்றும்போது உள்ளே அடைத்த இலை ஊறி உப்புகிறது. ஃபேனுக்கு அடியில் வைத்ததும் மேலிலை, அது காகிதக் கனம்கூட இருக்காது, முதலில் காய்ந்து சுருங்குகிறது. உள்ளே வயிறு பெருத்திருக்கிறது, மேலே சட்டை சுருங்கிவிட்டது, தையல் விடாமல் என்ன செய்யும்? 62-இல் ஆறு மாதம் கிடந்தாலும் சுருட்டுக்கு ஒன்றும் ஆகாது, 55-க்கும் 80-க்கும் ஊஞ்சல் ஆடினால்தான் ஆகாது.

எங்கள் ஊர் சுடலைமாடன் கொடைக்குப் படைக்கிற சுருட்டு செய்தித்தாளில் சுற்றியே ஒரு வருஷம் கிடக்கும், அதுக்கு எந்தப் பெட்டியும் கிடையாது, அது காய்ந்தபடியே பிடிக்கிற சரக்கு. இங்கிலீஷ்காரன் 'செரூட்' என்று சொல்வதே நம் 'சுருட்டு'தான். பெயரை எடுத்துக்கொண்டு போனவன் பெட்டிச் செலவை உங்கள் தலையில் கட்டிவிட்டான்.

சாரல்:

முக்கூடல் தம்பி சொன்னதுதான் விஷயம். இப்போது பெட்டி. உள்ளே பதித்திருக்கிற மரத்தை ஸ்பானிஷ் சீடார் என்பார்கள், அதில் ஸ்பெயினும் இல்லை, தேவதாருவும் இல்லை. மத்திய, தென் அமெரிக்க மரம், குடும்பத்தில் நம் வேம்புக்கும் மகோகனிக்கும் சொந்தம். அந்த வாசம் வண்டை விரட்டும் என்று சொல்வதை நம்பி ஃப்ரீசரை விட்டுவிடாதீர்கள். காய்ந்த மரம் சுருட்டுக்கு முன்னால் தானே தண்ணீர் குடிக்கும். மாசியில் உங்களுக்கு 60-ஐத் தாண்டாததுக்கு அது பாதிக் காரணமாக இருக்கும். சுருட்டையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்ட் வாட்டர் வைத்து மூடி ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள், அல்லது போவெடா என்று ஈரத்தை ஒரே அளவில் நிறுத்துகிற பொட்டலம் விற்பார்கள், அதில் 84 சதவீதத்துக்கானதை வைத்து ரெண்டு வாரம். ஈரத்துணியால் மரத்தைத் துடைக்காதீர்கள், கோணிக்கொள்ளும்.

ஆனால் மொட்டை மாடிக்குக் கீழ் 35 டிகிரி அறையில், கண்ணாடி மூடி மரப்பெட்டியை வைத்துக்கொண்டு போராடுவது வீண் என்பது என் எண்ணம். நான் இருப்பது தென்காசி. ஆனி ஆடியில் குற்றாலத்துச் சாரல் இங்கே ஜன்னல் வழியாக வந்து தலையணை வரைக்கும் நனைக்கும், அதே நாளில் உங்கள் பாளையங்கோட்டையில் காய்ந்த காற்று மண்ணை அள்ளி வீசும். ஒரே மேல்காற்றுதான், மலையடியில் ஒரு மாதிரி, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி வேறு மாதிரி. ரெண்டு இடத்துக்கும் நான் சொல்வது ஒன்றே ஒன்று: நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற, ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா. பாத்திரக்கடையில் பலகாரம் வைக்க விற்பார்கள். புதுசாக வாங்கிக் கழுவி வாசம் போகக் காயவைத்து, சுருட்டு வந்த மரப்பெட்டியின் பலகையை உள்ளே போட்டு, போவெடா 65 ஒன்று, 60 கிராம். 25 சுருட்டுக்கு ஒன்று என்பது கணக்கு. அந்தப் பொட்டலத்துக்குள்ளும் உப்பளம் சொன்ன அதே உப்புக்கரைசல் தத்துவம்தான், குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும். அதோடு பஞ்சையும் வைத்தால் ரெண்டும் சண்டை போடும், பஞ்சை எடுத்துவிடுங்கள். பொட்டலம் உள்ளே கெட்டியாகிக் கல்லு மாதிரி ஆனால் மாற்றுங்கள்.

70 வேண்டாம், 65 போதும். நம் சூட்டில் 70-இல் வைத்தால் கொஞ்சம் தவறினாலும் பூஞ்சணம்தான். அப்புறம் அந்த டப்பாவைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துக் கீழ் வீட்டில், வெயில் படாத வடக்குச் சுவர் ஓரத்தில், தரையில் வையுங்கள். இரும்பு பீரோ வேண்டாம். 28, 29 டிகிரியில் நின்றாலே பெரிய விஷயம், வண்டு முட்டையை ஃப்ரீசர் பார்த்திருக்கும்.

குறுக்குத்துறை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது, ஜன்னல் விளிம்பெல்லாம் மண்.

உப்புச் சோதனையில் என் மீட்டர் 66 காட்டியது. அப்படியென்றால் நான் 60 என்று அழுதபோதெல்லாம் உள்ளே கிட்டத்தட்ட 69 இருந்திருக்கிறது! ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் வண்டு போக மற்றதெல்லாம் நல்லபடியாக இருந்திருக்கும். 80 என்று பயந்தது உண்மையில் 90-க்குப் பக்கம். பத்து ரூபாய் நோட்டு மூன்று பக்கம் நழுவிக்கொண்டு வந்தது.

ஓட்டை ஒன்று, பூஞ்சணம் ஏறியது ஒன்று (முனையிலும் இருந்தது) போக, 18-ஐ ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, முழுசாகச் சூடு திரும்பிய பிறகு பிரித்தேன். வெடித்த ரெண்டையும் சித்தப்பாவுக்குத் தெரியாமல் நானே பிடித்துத் தீர்த்தேன், மேலே கொஞ்சம் பசைத்தாள் ஒட்டி. இப்போது 16, டப்பாவில், புது டிஜிட்டல் மீட்டர் 64, 65 என்று பத்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. நேற்று ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன், லேசாக அமுங்கி மெதுவாகத் திரும்பியது, சத்தமில்லை.

மரப்பெட்டியில் வீட்டுக்காரி வளையல் போட்டுவிட்டாள். மீட்டர் இன்னும் முன்னால்தான் இருக்கிறது, இன்று காலை 52.

முக்கூடல்:

வளையலுக்கு அது போதும் அண்ணாச்சி.