பெரிய வீட்டுக் குழுவில் ஒரு கிளிமீன்

கவிதா: 📷 அந்தமான் ஹேவ்லாக் தீவில் காலையில் எடுத்தது. கிளிமீன். 12 மீட்டர் ஆழம்.

செல்வம் மாமா: எல்லாமே நீலமாக இருக்கிறதே, சொட்டு நீலம் கொட்டிவிட்டாயா?

முத்து அண்ணன்: 😂 தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான் மாமா. 5 மீட்டருக்குக் கீழே சிவப்பு மங்கிவிடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். அந்த ஆழத்தில் விரலைக் கிழித்துக்கொண்டால் ரத்தமே பச்சையாகத் தெரியும்.

அம்மா: சாப்பிடுகிற நேரத்தில் ரத்தம் எதற்கு. கவி, சாப்பிட்டாயா?

கவிதா: ஆச்சு அம்மா. அண்ணா, கேமரா வாடகைக்கு எடுத்த ஒலிம்பஸ் டிஜி-6. அதிலிருக்கிற ஃபிளாஷைப் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி.

முத்து அண்ணன்: அது தண்ணீரில் மிதக்கிற தூசி. ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், தூசியில் பட்ட வெளிச்சம் நேரே திரும்பி வருகிறது. கேமராவுக்கு வெளியே மாட்டுகிற தனி ஃபிளாஷ், அதாவது ஸ்ட்ரோப் வேண்டும். பக்கவாட்டில் தள்ளி மாட்டி, அதன் முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வை. அதைவிட, இன்னும் கிட்டப் போ. நடுவில் தண்ணீர் குறையக் குறைய நிறம் தானாக வரும்.

ராணி சித்தி: கிட்டப் போனால் கடிக்காதா?

கவிதா: ஓடிவிடுகிறது சித்தி 😭

முத்து அண்ணன்: நீ துரத்துகிறாய், அது ஓடுகிறது. ஓரிடத்தில் நின்றால் பவளத்தைக் கொறித்துக்கொண்டே உன் பக்கம் வரும். மூச்சைப் பிடிக்காமல், மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதக்கப் பழகு. அது கைவராதவரை சொந்தக் கேமரா வாங்காதே. காலில் மாட்டுகிற துடுப்பு பட்டுப் பவளம் உடைந்தால் பாவம்.

அம்மா: முத்து சொல்வதைக் கேள். வாங்காதே.

செல்வம் மாமா: இந்த ஸ்ட்ரோப் எல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

முத்து அண்ணன்: 1926-இல் புளோரிடா பக்கம் லாங்லி, மார்ட்டின் என்று இரண்டு பேர். கடலுக்கடியில் முதல் வண்ணப்படம் அவர்களுடையது, ஹாக்ஃபிஷ் என்ற மீன். வெளிச்சத்துக்காக, தண்ணீருக்கு மேலே ஒரு மிதவையில் மெக்னீசியப் பொடியை வெடிக்க வைத்தார்கள்.

செல்வம் மாமா: மீனுக்குத் தீபாவளி!

கவிதா: எனக்குப் பிடித்தவர் கடலடிப் படம் எடுக்கிற லோரன் பலெஸ்தாதான். 2021-இல் உலகக் காட்டுயிர்ப் படப் போட்டியில் முதல் பரிசு. பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகராவாவில் களவா மீன்கள் முட்டையிடுகிற நொடி. வருஷத்துக்கு ஒரு தரம், ஜூலைப் பௌர்ணமியை ஒட்டித்தான் நடக்கும். அதற்காக 5 வருஷம் அங்கே திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்.

ராணி சித்தி: களவாவா? குழம்பு வைப்போமே, அதுவா?

கவிதா: அந்தக் குடும்பம்தான் சித்தி 🙈

முத்து அண்ணன்: ஸ்ட்ரோப் எடுத்தால் ஹவுசிங்கும் (தண்ணீர் புகாத கேமராப் பெட்டி) சேர்த்து எடு. டிஜி-6 வெறுமனே 15 மீட்டர்தான் தாங்கும், ஹவுசிங்கோடு 45. மூடுவதற்கு முன் அதன் விளிம்பிலிருக்கிற ரப்பர் வளையத்தை, ஓ-ரிங்கை, விரலால் தடவிப் பார். ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும்.

அம்மா: தலையைப் பின்னிக்கொள் என்று எத்தனை தரம் சொல்வது.

கவிதா: அம்மா!! சரி அண்ணா, நாளைக்கு ஸ்ட்ரோப் கிடைக்குமா என்று கேட்கிறேன்.

முத்து அண்ணன்: கிடைக்காவிட்டால் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து, வெயில் உன் முதுகுப் பக்கம் விழுகிற மாதிரி நின்று எடு.