அம்மப்பாவின் வீட்டில் கிடைத்த கடற்படை வாள்: பிரபுவுடையதுதானா?

உவர்மலைப் பொடியன்:
அம்மப்பாவின் வீட்டைத் திருத்தும்போது அலுமாரிக்கு மேலே சாக்கில் சுற்றிய வாள் ஒன்று கிடைத்தது. அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் டொக்யாட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்போது ஒரு பெரிய துரை தந்ததாம். மாமா இன்னும் ஒரு படி மேலே போய், மவுண்ட்பேட்டன் பிரபுவின் வாள் என்கிறார். கைபிடி வெள்ளை, சொரசொரப்பு. நுனியில் சிங்கத் தலை, பிடரிமயிர் கைபிடியின் முதுகு வழியே இறங்குகிறது. கைக்காப்பில் கயிறு சுற்றிய நங்கூரமும் அரச முடியும் (கிரீடம்). அலகில் வேறொரு குட்டி முடி, அதன் கீழே ஏதோ எழுத்து, துருவில் தெரியவில்லை. பெரியம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். தேய்க்கலாமா?

கொட்டியாரத்தான்:
தம்பி, புளியும் வேண்டாம், பித்தளை துலக்கும் பிராசோவும் வேண்டாம். கைக்காப்பு பித்தளைக்கு மேல் பொன்முலாம், தேய்த்தால் போய்விடும். அலகை உறையிலிருந்து எடுத்து மெல்லிய எண்ணெய் பூசித் தனியாக வையுங்கள். நம்மூர் உப்புக்காற்றில் தோல் உறை ஈரத்தைப் பிடித்து அலகைத் தின்றுவிடும்.

நீங்கள் சொல்வது 1827இல் வந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வாளின் அமைப்பு. சொரசொரப்பு திருக்கைத் தோல். கைக்காப்பின் உட்பக்கம் கீல் போட்ட சிறு தகடு இருக்கிறதா பாருங்கள், அதிலுள்ள ஓட்டை உறையின் குமிழில் மாட்டும். நங்கூரத்துக்கு மேலுள்ள முடியின் வளைவுகள் நடுவில் தாழ்ந்தால் 1952க்குப் பிந்திய எலிசபெத் காலம். உருண்டு எழும்பினால் அவருக்கு முந்திய அரசர்கள் காலம்.

மாமாவின் கதைக்கு வருவோம். மவுண்ட்பேட்டன் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதியாக 1944இல் கண்டியில் தலைமையகம் வைத்திருந்தது உண்மை. ஆனால் அப்போது அவருக்குப் பிரபுப் பட்டம் கிடையாது. மார்க்விஸ் என்ற உயர்தரப் பிரபுவின் இளைய மகன் என்ற மரியாதைக்குத்தான் 'லோர்ட்' என்றார்கள். வைகவுண்ட் என்ற பிரபுப் பட்டம் கிடைத்தது 1946இல், அதைவிட உயர்ந்த ஏர்ல் பட்டம் 1947இல். பிரபுக்களின் ஒவ்வொரு தரத்துக்கும் முடி வேறு, அதனால் அலகிலுள்ள அந்தக் குட்டி முடியில் உருண்டைகளை எண்ணுங்கள். இலை இல்லாமல் நான்கு தெரிந்தால் பாரன், பிரபுக்களில் கடைசித் தரம். இலைகளுக்கு நடுவே கம்பியில் நிற்கும் ஐந்து என்றால் ஏர்ல்.

நிலாவெளி ரோட்டுக்காரன்:
அலகின் அடியில் பித்தளை வட்டமும் நட்சத்திரமும் இருந்தால் வில்கின்சன் என்ற லண்டன் வாள் கம்பனியின் வேலையாக இருக்கலாம். அலகின் முதுகில் இலக்கம் தேடுங்கள். 1854இலிருந்து இலக்கமிட்டுப் பதிவேடு எழுதினார்கள், பல இடங்களில் வாங்கியவர் பெயரும் இருக்கும். 2005இல் வாள் செய்வதை நிறுத்தினாலும் அந்தப் பதிவேடுகள் அழியவில்லை. இன்னொன்று, வெளிநாட்டில் விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள்.

உவர்மலைப் பொடியன்:
கீல் தகடு இருக்கிறது. வட்டமும் இருக்கிறது. குட்டி முடியில் இலை இல்லை, நான்கு உருண்டை. அப்போ மவுண்ட்பேட்டன் இல்லை! முதுகில் ஐந்து இலக்கம், கடைசி 3ஆ 8ஆ என்று தெரியவில்லை.

நிலாவெளி ரோட்டுக்காரன்:
சுரண்ட வேண்டாம். சரிவாக டோர்ச் அடித்துப் படம் எடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் வில்கின்சன் பதிவேடுகளை வைத்திருப்பவர்களிடம் இரண்டு இலக்கத்தையும் எழுதிக் கேட்கலாம், பாரன் பட்டக்காரர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.