பட்டரி மாத்தின பிறகு உங்கட காருக்கு என்ன நடந்தது?

எழுவான்கரையான்:
களுவாஞ்சிகுடியில புது பட்டரி போட்டு அரை மணித்தியாலம் கூட ஆகல்ல. 2008 டொயோட்டா எக்ஸியோ. அம்மாவ மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோறன். கல்லடிப் பாலத்துக்கு முன்னால வரிசையில நிக்கக்குள்ள கார் ஒருக்கா நடுங்கிச்சி, ஆர்பிஎம் முள்ளு கீழ விழுந்திச்சி, எஞ்சின் நிண்டிட்டு. பின்னால பஸ் ஹோர்ன விடவே இல்ல. அம்மா கிளினிக் கொப்பிய ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சிக்கிட்டு என்னையே பாத்தா. ஒண்டும் பேசல்ல. அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினா, கால எடுத்தவுடன நிண்டிடும். வரிசையில நிக்கிற நேரமெல்லாம் நியூட்ரலில போட்டு அக்சிலேட்டர மிதிச்சுப் பிடிச்சுத்தான் பாலம் தாண்டினன். கடையில கேட்டா, "பட்டரியில பிழ இல்ல தம்பி" எண்டாங்க. இப்பிடி நிக்கலாம் எண்டு முதலே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்தானே?

கரடியனாறு றோட்:
எனக்கு மாத்த முதலே சிக்கல். டொயோட்டா பிரியஸ். மகா ஓயாவில இருந்து வரக்குள்ள கடையில தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினன், திரும்பி வந்தா றிமோட்டுக்குக் கார் திறக்குதில்ல, கார் பட்டரி செத்துக் கிடக்கு. நேரம் ஏழு மணி, யானை வாற றோட். பட்டரி டிக்கிக்குள்ள, டிக்கி கரண்டிலதான் திறக்கும்! றிமோட்டுக்குள்ள ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கெண்டு அண்டைக்குத்தான் தெரியும். அதால ட்றைவர் கதவத் திறந்து, பொனட்டத் தூக்கி, பியூஸ் பெட்டிக்குள்ள சிவப்பு மூடிக்குக் கீழ இருக்கிற முனையில ஜம்பர் வயரப் பிடிச்சம். போன் லைட்டப் பிடிச்ச லொறிக்கார அண்ணண்ட கையில வியர்வ சொட்டினது ஞாபகம் இருக்கு.

காத்தான்குடி பெட்றோல்:
எழுவான்கரைத் தம்பி, கடக்காரர்ல கோவிக்காதீங்க. குத்தம் உங்கட த்ரொட்டிலிலதான், அதான் எஞ்சினுக்குக் காத்து விடுற வால்வு. அதில கரி படியப் படிய, எஞ்சின் கம்பியூட்டர் அதுக்கு ஏத்த மாதிரிக் காத்தக் கூட்டிக் கூட்டிப் பழகியிருக்கும். பட்டரியக் கழட்டினா அந்தப் பழக்கம் அழியும். பிறகு சுத்தமான த்ரொட்டிலுக்குரிய அளவில திறக்கும், காத்துப் போதாது, நிக்கும். அந்தத் த்ரொட்டிலக் கிளீன் பண்ணுங்க. எஞ்சின் சூடானப் பிறகு ஏசி இல்லாமக் கொஞ்ச நேரம், ஏசி போட்டுக் கொஞ்ச நேரம், கார் நிக்கிற இடத்திலயே எஞ்சின சும்மா ஓட விடுங்க.

இன்னும் இருக்கி. கழட்டக்குள்ள மைனஸ் முதல்ல, பூட்டக்குள்ள மைனஸ் கடைசி. மாறிச் செஞ்சா, பிளஸில பிடிச்ச ஸ்பனர் கார் பொடியில பட்டு நெருப்புத் தெறிக்கும். கதவுக் கண்ணாடி ஒரே அமத்துல ஏறாட்டி முழுக்க இறக்கி, திரும்ப ஏத்தி, மேல முட்டினப் பிறகும் சுவிச்ச ரெண்டு மூணு செக்கன் பிடிங்க. காரில இருக்கிறது ஜப்பான் றேடியோ செட்டெண்டாத் திரையில ஈஆர்சி எண்டு ஒரு இலக்கம் வரும், செட்டத் திறக்கப் பாஸ்வேட் கேக்கும். அதப் படம் எடுத்து வெச்சிக்கிட்டு செட் வேலக்காரர்ட குடுங்க, கண்டபடி அடிச்சுப் பாக்காதீங்க. ஸ்டியரிங் லைட் எரிஞ்சா ரெண்டு பக்கமும் முட்ட முட்டத் திருப்பி, கொஞ்சத் தூரம் நேர ஓடிப் பாருங்க. பிஎம்டபிள்யூ மாதிரியெண்டா ஸ்கேனர் போட்டுப் புது பட்டரியக் கார் கம்பியூட்டரில பதியணும்.

அக்கரைப்பற்று ஸ்டிங்ரே:
சிக்னலில எஞ்சின் தானா நிண்டு தானா ஸ்டார்ட் ஆகிற மாதிரிச் செஞ்ச காருக்குச் சாதாரண பட்டரி போட்டுடாதீங்க. எங்கட வாப்பா விலயப் பாத்துப் போட்டார், வருஷம் முடிய முதல் திரும்ப வாங்கினம்.

எழுவான்கரையான்:
காத்தான்குடிக் காக்கா, விளக்கத்துக்கு நன்றி. த்ரொட்டில்தான். கழட்டக்குள்ள நானும் நிண்டன், தட்டு ஓரமெல்லாம் தார் பூசின மாதிரிக் கறுப்பு. இப்ப நிக்கிறல்ல. ஆனா கடக்காரர் விசயத்தில நான் சொன்னதுதான். இவ்வளவையும் நீங்க இஞ்ச எழுதுறீங்க, காசு வாங்கினவர் ஒரு வரி சொல்லல்லயே. போன கிழம கிளினிக்குக்குப் போகக்குள்ள அம்மா பஸ்ஸில போவமெண்டா.