தோண்டாமல் சாக்கடைக் குழாயைச் சரிசெய்தவர்கள்: நடந்ததை எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர்

எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் மூன்று முறை கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பிளம்பர் வந்து கம்பி விட்டுக் குத்திவிட்டுப் போவார். இரண்டு மாதம் ஓடும், பிறகு குளியலறைத் தரையில் தண்ணீர் எதிர்த்து வரும். மூன்றாவது முறை கம்பியின் நுனியில் தலைமுடி போல மெல்லிய வேர்க்கொத்து சுற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் கேமரா விட்டுப் பார்த்தோம். முதல் அடைப்பிலேயே பார்த்திருக்க வேண்டும்.

மொத்தம் 18 மீட்டர், 100 மி.மீ. விட்டமுள்ள பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய். நான்கு ஜாயின்ட்டுகளில் வேர் புகுந்திருந்தது. ஓரிடத்தில் மேல்பக்கம் நீளமாக விரிசல். அந்த விரிசல் பின்னால் கட்டிய அறையின் தரைக்கு நேர் கீழே இருந்தது. தோண்டினால் தளத்தை உடைக்க வேண்டும், அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் போகும். அதனால் தோண்டாமல், பழைய குழாயின் உள்சுவரில் இன்னொரு குழாய் போல ஒட்டி இறுகும் லைனிங் போடுவது என்று முடிவானது.

நான் எதிர்பார்க்காத விஷயம், அந்த நாளின் பெரும்பகுதி சுத்தம் செய்வதிலேயே போனது. அழுத்தத் தண்ணீர் அடித்து, சுழலும் சங்கிலி வெட்டியால் வேர்களைச் சுரண்டி, மறுபடி கேமரா விட்டு, இன்னும் ஒரு ஜாயின்ட்டில் மிச்சம் இருக்கிறது என்று மறுபடி சுரண்டினார்கள். பிறகு நிழலில் வைத்து லைனரை, கலந்த பிறகு கெட்டியாக இறுகும் எபாக்சி ரெசின் என்ற பசையில் ஊறவைத்தார்கள். பார்க்க நீளமான துணிக்குழாய் மாதிரி இருக்கும். ரெசினை உள்ளே ஊற்றி, உருளைகளுக்கு நடுவே இழுத்துச் சீராகப் பரப்பினார்கள். அதைக் காற்றழுத்தத்தில், காலுறையைப் புரட்டுவது போல, குழாய்க்குள் புரட்டி அனுப்பினார்கள். ரெசின் ஊறிய உள்பக்கம் வெளியே புரண்டு, பழைய குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டே முன்னேறியது. அப்புறம் உள்ளே வெந்நீரைச் சுற்றவிட்டு இறுகவைத்தார்கள். மாலையில் கேமராவில் பார்த்தபோது ஒரு ஜாயின்ட்கூட இல்லாத ஒரே குழாய். இரண்டு வருடம் ஆகிறது, ஒரு முறைகூட அடைக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்களுக்கு நன்றாக முடிந்ததோ தவறாகப் போனதோ, இரண்டையும் எழுதுங்கள்.

ஓர் உறுப்பினர்

உள்ளே இன்னொரு குழாய் என்றால் வழி குறுகாதா? அதை நினைத்துத்தான் நாங்கள் தயங்குகிறோம்.

லைனிங் வேலையில் இருப்பவர்

குறுகும், ஆனால் மிகக் கொஞ்சம். 100 மி.மீ. குழாயில் 3 மி.மீ. லைனர் போட்டால் உள்ளே 94 மி.மீ. இருக்கும். பழைய குழாயில் சொரசொரப்பும் ஜாயின்ட் விளிம்புகளும் தண்ணீரைத் தடுத்துக்கொண்டே இருக்கும். லைனரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் ஓட்டம் பெரும்பாலும் முன்பைவிட நன்றாகவே இருக்கும். குறுகுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வாட்டத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

லைனர் பழைய குழாயின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். நடுவில் மண் இறங்கிக் குழாய் தொய்ந்திருந்தால் லைனரும் தொய்ந்தே இறுகும், தண்ணீர் அங்கே தேங்கிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், பணம் தருகிறோம், போட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். போட்டிருந்தால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் அடைத்திருக்கும், லைனிங்கையே நம்பக்கூடாது என்று அவர்கள் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார்கள். மறுத்துவிட்டு வந்தேன். அதேபோல, குழாய் முழுசாக இடிந்து மூடிக்கிடந்தால் லைனர் போக வழியே இருக்காது.

எங்கள் கையால் கெட்டுப்போன வேலையையும் சொல்கிறேன். நல்ல வெயில் நாள். ரெசினைக் கலந்த பிறகு, வேர் வெட்டும் கருவி பழுதாகித் தாமதமானது. கலந்த ரெசின் காத்திருக்காது, சூடு ஏற ஏற அதன் நேரம் குறையும். கலந்த மொத்தமும் ஒரே இடத்தில் இருந்தால் தானே சூடாகி இன்னும் வேகமாக இறுகும். லைனர் பாதித் தூரம் போய் நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. தோண்டாமல் செய்கிறோம் என்று சொல்லிப் போன வீட்டில் ஐந்து மீட்டர் தோண்டி, எங்கள் செலவில் தளம் போட்டுக் கொடுத்தோம். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அது இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து, சுத்தம் முடிந்து கேமரா பார்த்த பிறகுதான் ரெசின் டப்பாவையே திறப்போம். நனைத்த லைனரை ஐஸ் மேல்தான் வைப்போம்.

அடுக்குமாடிச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்

எங்கள் கட்டடத்தில் வெளிப்பக்க மெயின் குழாய்க்கு லைனிங் போட்டார்கள். அங்கே எபாக்சி இல்லை, ஸ்டைரீன் என்ற கடும் வாடையுள்ள வேதிப்பொருள் கலந்த பாலியெஸ்டர் ரெசின். நீராவி விட்டு இறுகவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று வீடுகளுக்குள் பிளாஸ்டிக் உருகுவது போன்ற கடுமையான வாடை. ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. எல்லாரையும் வெளியே அழைத்து வந்து நிறுத்தினோம்.

காரணம் தேடினால், அந்த மூன்று வீடுகளிலும் அதிகம் புழங்காத குளியலறைகள் இருந்தன. தரையில் இருக்கும் டிராப்பில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது. வேலைக்கு முன்னால் எல்லா டிராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தால் போதும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இனி யார் இந்த வேலை செய்தாலும் என்ன ரெசின், எதனால் இறுகவைக்கிறீர்கள், புகை எங்கே போகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சின்னக் குழந்தைகள், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இருந்தால் அன்று வேறு எங்காவது இருப்பது நல்லது.

இன்னொன்று. லைனர் போட்டால் பக்கத்திலிருந்து வந்து சேரும் கிளைக்குழாய்களின் வாயும் மூடிவிடும். பிறகு ரோபோ வெட்டியை உள்ளே அனுப்பித் திறப்பார்கள். எங்களுக்கு ஏழு கிளைகள், அளவெடுத்துக் குறித்தது ஆறு. தரைத்தள வீட்டில் அன்றிரவு கழிவறையைப் பயன்படுத்த முடியவில்லை. மறுநாள் காலை வந்துதான் ஏழாவதைத் திறந்தார்கள்.

ஓர் உறுப்பினர்

எங்களுக்கு ஒரே ஒரு விரிசல், சேம்பரிலிருந்து 6 மீட்டரில். முழு லைனிங் தேவையில்லை என்று துண்டு ஒட்டுப் போட்டார்கள். ரெசினில் நனைத்த கண்ணாடியிழைப் பாயை ஊதும் ரப்பர் உருளை மேல் சுற்றி, அந்த இடத்துக்குத் தள்ளிக் காற்றடித்து அழுத்தி வைத்தார்கள். அரை மீட்டர் நீளம்தான். காலையில் வந்தார்கள், மதியத்துக்குள் முடிந்தது.

வேறொரு உறுப்பினர்

லைனர் போட முடியாத அளவுக்கு எங்கள் குழாய் நொறுங்கியிருந்தது, ஆனாலும் உள்ளே ஒரு கயிறு போகும் வழி இருந்தது. பழைய குழாயை உடைத்துக்கொண்டே புதியதை இழுக்கும் முறையைச் செய்தார்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு குழி மட்டும். ஒரு குழியிலிருந்து இரும்புக் கயிறு, அதன் நுனியில் கூம்பு மாதிரித் தலை, தலைக்குப் பின்னால் உருக்கி ஒட்டிய எச்.டி.பி.இ. என்ற கெட்டியான பிளாஸ்டிக் குழாய். இழுக்க இழுக்கக் கூம்பு பழைய குழாயை உடைத்து மண்ணுக்குள் ஒதுக்கிவிட்டுப் புதிய குழாயைக் கூடவே கொண்டுவருகிறது. இந்த முறையில் பழையதைவிடப் பெரிய குழாயையும் இழுக்கலாம்.

எங்கள் தவறு, குடிநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று சரியாகச் சொல்லவில்லை. சாக்கடைக் குழாய்க்கு ஒரு கை அகலத்தில் அது போயிருக்கிறது. உடைந்த துண்டுகள் ஒதுங்கிய வேகத்தில் அதன் இணைப்பு விட்டுப்போனது. இழுப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் எல்லாக் குழாயையும் ஒயரையும் கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

லைனிங் புதிதாக வந்த சோதனை முயற்சி என்று நினைத்துப் பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எரிக் வுட் என்பவர் 1971-இல் லண்டனில் ஒரு பழைய சாக்கடைக்குள் முதன்முதலாக இதைச் செய்தார். இன்று பெரிய தெருக் குழாய்களில் கண்ணாடியிழை லைனரை இழுத்து, ஊதி, புற ஊதா விளக்குகளை உள்ளே நகர்த்தியே இறுகவைக்கிறார்கள். சரியாகப் போட்டால் 50 வருடம் என்று கணக்கிட்டுத்தான் வடிவமைப்பார்கள்.

எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு, ஆள் உள்ளே இறங்க வேண்டியதில்லை. கான்கிரீட் சாக்கடையில் தண்ணீர் படாத மேல்பக்கம்தான் முதலில் அரிக்கும். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அதே வாயுதான் குழிக்குள் இறங்கும் ஆளையும் கொல்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம், அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கினவர்கள் திரும்பவில்லை. கேமராவும் ரோபோவும் போகக்கூடிய இடத்துக்கு ஒரு மனிதரை அனுப்பச் சொல்லும் ஒப்பந்தக்காரரை, வேலை எவ்வளவு மலிவாக முடிந்தாலும், உங்கள் வாசலில் நிறுத்தாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

முன்பு குறுகுமா என்று கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. இன்று கேமரா விட்டோம். 9 மீட்டரில் தொடங்கி ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்துக்குக் கேமரா தண்ணீருக்குள் மூழ்கிப் போகிறது. ஜாயின்ட்டுகளில் வேர் தெரிகிறது. இது தொய்வா?

லைனிங் வேலையில் இருப்பவர்

இன்னும் சொல்ல முடியாது. கீழே எங்காவது அடைப்பு இருந்தாலும் தண்ணீர் பின்வாங்கி இப்படித்தான் தெரியும். முதலில் வேரை வெட்டி, முழுசாக ஜெட் அடித்து, வீட்டில் எந்தக் குழாயையும் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் தொய்வுதான்.

முன்பு குறுகுமா என்று கேட்டவர்

பார்த்துவிட்டோம். வேர் எல்லாம் போன பிறகும் அதே 3 மீட்டர் நிற்கிறது. கேமராத் தலையில் இருக்கும் சிக்னலை மேலிருந்து பிடித்து, தரையில் சாக்பீஸால் தொடக்கமும் முடிவும் குறித்துவிட்டார்கள். நல்லவேளை, அது வெளிமுற்றத்தில்தான் வருகிறது. சனிக்கிழமை அந்த 3 மீட்டரை மட்டும் தோண்டி வாட்டம் சரிசெய்கிறோம். மண் இறுகியதும் மீதிக்கு லைனிங்.