மறு: டிரேஸ் எலிமென்ட்: ‘சுவட்டுத் தனிமம்’ சரியா?

வணக்கம். உடலில் மிகச் சிறிதளவே இருக்கும் தனிமங்களை ஆங்கிலத்தில் ‘டிரேஸ் எலிமென்ட்’ என்கிறார்கள். அதற்கு வழங்கும் ‘சுவட்டுத் தனிமம்’ பொருந்தவில்லை என்பது என் கருத்து. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘சுவட்டுத் தனிமம்’ புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதை ஏன் அசைக்க வேண்டும்?

வந்துவிட்டதுதான், ஆனால் அது ஆய்வகத்தின் இயலாமையிலிருந்து பிறந்த சொல். அக்கால வேதியியலாளர்களால் ஒரு பொருள் இருப்பதைக் கண்டுகொள்ள முடிந்தது, அளக்க முடியவில்லை. ‘தடயம் உண்டு’ என்று குறித்து வைத்தார்கள். இன்று மைக்ரோகிராமையும் அளக்கிறோம். தவிரவும், சுவடு என்பது ஆள் போன பின் எஞ்சுவது. தைராய்டில் உள்ள அயோடின் எங்கும் போய்விடவில்லையே, ஹார்மோனாகிக்கொண்டிருக்கிறது!

வளர்ந்தவர் உடலில் கால்சியம் ஏறக்குறைய ஒரு கிலோ. அயோடின் 15 முதல் 20 மில்லிகிராம்தான். நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும், கருவுற்றவருக்கு 250. அந்தத் துளி கிடைக்காமல்தான் இமயமலை அடிவாரத்தில் ஊர் ஊராகக் கழுத்துக் கழலை இருந்தது. காங்கிரா பள்ளத்தாக்கில் 1956இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், உப்போடு அயோடின் சேர்த்துக் கொடுத்த பகுதிகளில் கழலை குறைந்தது. இதைப் போய்ச் ‘சுவடு’ என்பதா?

> ‘நுண்தாது’ என்றால்?

தாது ஏற்கெனவே சுமை தாங்க முடியாமல் நிற்கிறது. சித்த மருத்துவத்தில் அது உடற்கட்டு, சுரங்கத்தில் உலோகக் கல், பூவில் மகரந்தம். லேகிய விளம்பரங்களில் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாது உப்பு என்பதன் சுருக்கமான ‘தாதுப்பு’ இன்னும் மோசம். ரத்த அழுத்தம் உள்ள என் அத்தை, “உப்பைக் குறை என்கிறார்கள், தாதுப்பைக் கூட்டு என்கிறார்கள், எதைக் கேட்பது?” என்றார். ‘நுண்ணூட்டம்’ நல்ல சொல். ஆனால் அதில் வைட்டமின்களும் அடங்கும். வயலுக்குப் போடும் துத்தநாக சல்பேட்டையும் அது குறிக்கிறது.

என் பரிந்துரை: இம்மித் தனிமம்.

இம்மி நம் கீழ்வாய்க் கணக்கில், அதாவது பழந்தமிழ்ப் பின்னக் கணக்கில், உள்ள அளவு. முந்திரி என்ற பின்னம் 1/320 என்றால், இம்மி அதற்கும் வெகு கீழே. ‘இம்மி யரிசித் துணையானும் வைகலும்’ என்கிறது நாலடியார். அங்கே பேச்சு ஈகையைப் பற்றியது என்றாலும், சிறிதளவு, ஆனால் நாள்தோறும் என்ற இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்தத் தனிமங்களின் கதையும் அதுவே.

‘இம்மியளவும் இல்லை’ என்று எதிர்மறையில்தானே வழங்குகிறது என்று கேட்பீர்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. தனிமத்தோடு சேர்ந்து நாலு இடத்தில் அச்சானால் காது பழகிவிடும் என்பது என் நம்பிக்கை.

‘இம்மிச்சத்து’ என்று சுருக்கலாம் என இன்னொருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒட்டாது. ஈயமும் ஆர்செனிக்கும் உடலில் இம்மியளவே இருக்கின்றன. சத்தென்று சொல்ல முடியுமா? செலினியமோ இரண்டு பக்கமும் வெட்டும். சீனாவில் மண்ணில் அது குறைந்த பகுதிகளில் இதயத்தசையைத் தாக்கும் கேஷான் நோய் வந்தது. அதுவே மிகுந்தால் முடி கொட்டும், நகம் கெடும். ஆகவே ‘இம்மித் தனிமம்’ அளவை மட்டும் சொல்லட்டும். உடலுக்கு வேண்டியவற்றை ‘இன்றியமையா இம்மித் தனிமம்’ என்போம். நீளம்தான், வேறு வழி தோன்றவில்லை.

இம்மியை இங்கேயே செலவழித்துவிட்டால், இவற்றிலும் குறைவாகத் தேவைப்படும் மாலிப்டினம் போன்றவற்றுக்கு என்ன சொல் வைப்பது? பழந்தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரம் படித்தவர்கள் சொல்லுங்கள்.