மொராக்கோவில் தனித்தட்டு கேட்ட கதை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

மதுரை வாசகி

இரண்டு வருடமாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஃபெஸ் நகரில் நாங்கள் தங்கியிருந்த ரியாதில் (சவூதித் தலைநகர் அல்ல, நடுமுற்றம் வைத்த பழைய வீடு) சமைக்கும் அம்மாள், வெள்ளிக்கிழமை மதியம் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். வெள்ளிக்கிழமை என்றால் கூஸ்கூஸ்தான் (ஆவியில் வேகவைத்த ரவை), தெரிந்ததே. ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வந்ததும் எல்லோரும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய மண்தாம்பாளம். ரவைக் குன்றின் மேல் பூசணி, கேரட், முட்டைக்கோஸ், கொண்டைக்கடலை, உச்சியில் இறைச்சி. ஏழு பேருக்கும் அது ஒன்றுதான்.

எச்சில் என்றால் சிறு வயதிலிருந்தே எனக்குக் கை பின்வாங்கும். தனித்தட்டு கிடைக்குமா என்று சைகையில் கேட்டுவிட்டேன்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. தட்டு வந்தது. ஆனால் தாம்பாளத்தில்தான் அவ்வப்போது குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் தட்டு யார் நினைவுக்கும் வரவில்லை. ரவை உலர்ந்து தொண்டையில் நின்றது. அந்த வீட்டுப் பாட்டி உள்ளங்கையில் கூஸ்கூஸைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கிப் பேரன் வாயில் போட்டார். அடுத்த உருண்டையை என் பக்கம் நீட்டியவர், என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தம் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

அந்தக் கை திரும்பிப் போனதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காயல்காரன்

சகோதரி, அதில் எச்சில் எங்கே வந்தது? எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாண விருந்தே சஹனில்தான். ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் உட்காருவோம். அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுப்போம், அடுத்தவர் பக்கம் கை போகாது. மொராக்கோவிலும் அதே முறைதான். நீங்கள் கேட்டது தவறு என்று சொல்லவில்லை, பயந்தது வீண் என்கிறேன்.

இவ்வளவு பேசும் நானும் மராகேஷில் அவமானப்பட்டவன்தான். நண்பர் வீட்டில் தாஜின் (மண்சட்டியில் வேகவைத்த இறைச்சியும் காயும்) வைத்தார்கள். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பில், பிஸ்மில்லா சொன்ன கையோடு நேராக நடுவிலிருந்த இறைச்சியைப் பிய்த்தேன். ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலில் ரொட்டியால் ஓரத்துக் குழம்பையும் காயையும் தொட்டுச் சாப்பிட வேண்டுமாம். இறைச்சி கடைசியில்தான். வீட்டுக்காரரே பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிவிடுவார். உங்களுக்கு வந்ததா?

கணக்குப்பிள்ளை

வீட்டு விருந்து எல்லாம் சரி. மராகேஷின் ஜமா எல்-ஃப்னா மைதானத்தில் ராத்திரி சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். உட்காரும் முன்பே ரொட்டி, ஆலிவ், மிளகாய்ச் சட்டினி எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. விருந்தோம்பல் என்று நெகிழ்ந்து என் மனைவி ஆலிவ் கொட்டைகளை அழகாக வரிசைப்படுத்தி வைத்தாள். பில் வந்தபோது பையன் அந்தக் கொட்டைத் தட்டை விரலால் தட்டிக் காட்டினான். எல்லாவற்றுக்கும் காசு.

சைவப் பயணி

கணக்குப்பிள்ளை ஐயா, வேண்டாதவற்றை வந்த உடனே திருப்பிக் கொடுத்துவிட்டால் பில்லில் ஏறாது. நான் அப்படித்தான் செய்தேன். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சிரித்தபடி சொன்னால் போதும்.

என் கதை சின்னது. ஃபெஸில் மேலே பொடிச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிய வட்டமான பலகாரம் ஒன்று வந்தது. இனிப்பு என்று நினைத்துக் கடித்தேன். உள்ளே கோழி. பஸ்தீலா என்று பெயராம், பழைய முறையில் புறா வைப்பார்களாம். பிறந்ததிலிருந்து சைவம், அந்த ஒரு வாய்தான் விதிவிலக்கு.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். "காய்கறி கூஸ்கூஸ்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அடியில் இறைச்சிக் குழம்பு கொதிக்க, அதன் ஆவியில்தான் ரவையை வேகவைப்பார்கள். காயும் அதே குழம்பில் வெந்ததாக இருக்கும். "மா கனாக்குல்ஷ் அல்-லஹம்" (நான் இறைச்சி சாப்பிடுவதில்லை) என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதையும் அவர்கள் "துண்டை எடுத்து வைத்துவிட்டால் போயிற்று" என்று புரிந்துகொள்வார்கள், ஆகவே குழம்பைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு. காலையில் பிஸ்ஸாரா தேடிப் போங்கள்: காய்ந்த பெரிய அவரைப் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் விட்ட கஞ்சி, வயிற்றுக்கு அவ்வளவு இதம். கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக் எங்கும் கிடைக்கும். மெஸ்மன் நம் பரோட்டாவின் சதுர வடிவத் தம்பி. பக்ரீர் ஒரு பக்கம் மட்டும் வெந்து மேலெல்லாம் ஓட்டையாக இருக்கும், அதன்மேல் தேனும் வெண்ணெயும் உருக்கி ஊற்றுவார்கள். ஒரு வாரம் நான் இதிலேயே ஓட்டினேன்.

கணக்குப்பிள்ளை

திருப்பிக் கொடுக்கலாம் என்று அப்போது யார் சொன்னார்கள்? இதுதான் என் கேள்வியே. உள்ளூர்க்காரருக்குத் தெரிந்ததைப் புதியவர் மேல் ஏற்றுகிறார்கள்.

இடக்கைக்காரன்

எனக்கு இடக்கைப் பழக்கம். ரமலானில் காசாபிளாங்காவிலிருந்து மராகேஷுக்கு ரயிலில் போனேன். வழியில் யாரும் பார்க்காமல் கழிப்பறையில் நின்று பிஸ்கட் தின்றேன், வெட்கம்தான். சூரியன் மறைந்ததும் பெட்டி முழுக்கப் பைகள் திறந்தன. எதிரில் இருந்த பெரியவர் பேரீச்சம்பழ டப்பாவை முதலில் என்னிடம் நீட்டினார், தாம் இன்னும் வாயில் ஒன்றும் போடவில்லை. நான் இடக்கையை நீட்டினேன். அவர் டப்பாவை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அப்படியே பிடித்தபடி காத்திருந்தார். எனக்கு உறைக்கச் சில நொடிகள் ஆயின. வலக்கையால் எடுத்ததும் இன்னும் இரண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

இனிப்பு ஆகாதவர்

சர்க்கரை நோயாளிகள் யாராவது போனீர்களா? கம்பளக் கடையில் புதினாத் தேநீர் வந்தது. கடைக்காரர் முதல் கிளாஸை ஊற்றித் திரும்பப் பானையிலேயே கொட்டினார், சர்க்கரை கலக்க அதுதான் வழியாம். பிறகு கையை உயரத் தூக்கி நுரை வர ஊற்றினார். சர்க்கரை வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது, கம்பளம் வேண்டாம் என்றபோதுகூட அவ்வளவு வாடவில்லை. பாதி குடித்தேன். தேநீர் குடித்துவிட்டால் வாங்கியே தீர வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படியெல்லாம் இல்லை, நான் வெறுங்கையோடுதான் வெளியே வந்தேன்.

காயல்காரன்

முதல் மடக்கை மட்டும் குடித்துவிட்டு நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லுங்கள், போதும். கணக்குப்பிள்ளை அண்ணன் இன்னும் ஆலிவிலேயே நிற்கிறார். மதுரைச் சகோதரி, நான் கேட்டதற்குப் பதில் இல்லையே?

மதுரை வாசகி

வந்தது, அண்ணா. நடுவில் இருந்ததிலேயே பெரிய துண்டு. எல்லோருக்கும் கையால் பிய்த்துத் தள்ளிய பாட்டி, எனக்கு மட்டும் உள்ளே போய்க் கழுவிய கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதால் எடுத்து வைத்தார்.