தவிட்டில் அமைலேஸ்: மூன்றாம் நாள் ஏன் விழுகிறது?

வணக்கம் நண்பர்களே. கோதுமைத் தவிட்டில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்து, மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி எடுக்கப் பார்க்கிறேன். ஸ்டார்ச் அகார் (மாவுச்சத்து கலந்த வளர்ப்பு ஊடகம்) தட்டில் அயோடின் ஊற்றினால் காலனியைச் சுற்றித் தெளிவான வளையம் விழுகிறது, அதாவது அங்கே மாவுச்சத்து சிதைந்திருக்கிறது. ஆக, பாக்டீரியாவைக் குறை சொல்ல முடியாது.

250 மில்லி குடுவையில் 10 கிராம் தவிடு, 10 மில்லி உப்புக் கரைசல், 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்), அப்புறம் 37 டிகிரியில் இன்குபேட்டர். 48 மணி நேரம்வரை நொதியின் செயல்திறன் நன்றாக ஏறுகிறது. 72-இல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. குடுவையைத் திறந்தால் அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கிறது. தவிடு அடியில் களிபோல அப்பிக் கிடக்கிறது.

இதே பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸும் சுரக்குமே, அதுதான் அமைலேஸைச் சிதைக்கிறதா? இல்லை, பிஎச் ஏறுவதாலா? காற்றோட்டத்துக்காகக் கரும்புச் சக்கை கலந்து பார்த்தவர்கள் விகிதம் சொல்லுங்கள்.

இன்னொன்று, நொதி விடுவிக்கும் சர்க்கரையை அளக்கும் டிஎன்எஸ் சோதனையில், தவிட்டிலேயே இருக்கும் சர்க்கரை கணக்கைக் கெடுக்கிறது. கொதிக்கவைத்த சாற்றை பிளாங்க்காக (நொதி வேலை செய்யாத ஒப்பீட்டு மாதிரியாக) வைத்துக் கழிக்கிறேன். சரிதானே?

48 மணியிலேயே எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுக்கலாம்தான், ஆனால் காரணம் தெரியாமல் தூக்கம் வரவில்லை.